இடுக்குப் பிள்ளையாரும் இடுப்பு வலியும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக் கிரிவலத்தில் அடி அண்ணாமலை வந்து சேரும்போது கால் வலிக்காத ஆள் கிடையாது. பெரிய கோயில் ராஜகோபுரத்தில் கும்பிட்டுக் கிளம்பி, அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம் என்று சுற்றி மலைக்கு மேற்கே வந்துவிட்டால், 14 கிலோமீட்டர் பாதையில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். செருப்பில்லாத கால், தார் ரோடு. ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் பக்கம் உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். "செம வலிங்க" என்பார்கள், சிரித்துக்கொண்டே. ஒருவர் முகத்திலும் பயம் இருக்காது. தூங்கி எழுந்தால், மிஞ்சிப்போனால் இரண்டு நாளில், சரியாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதே கூட்டத்தோடு ஊருக்கு வந்திருக்கும் இன்னொரு வலி உண்டு. எட்டு வருடமாக, பத்து வருடமாக இடுப்பிலேயே குடியிருக்கும் வலி. அது உள்ளவர் "நீங்க போயிட்டு வாங்க" என்று லாட்ஜிலேயே தங்கிவிடுவார். விசாரித்தால், "எல் ஃபோர், எல் ஃபைவ் தேஞ்சு போச்சு, குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்பார். இந்த வலி மட்டும் ஏன் பத்து வருடம் தங்குகிறது? தேய்மானம் என்பது வழக்கமான பதில். கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சி வேறொரு பதிலையும் சொல்கிறது: அந்த முதுகு பயப்படக் கற்றுக்கொண்டுவிட்டது.

"வலியெல்லாம் மனசுல இருக்கு" என்று சொல்லும் கட்டுரை அல்ல இது. அந்த வார்த்தையைக் கேட்டு நொந்துபோனவர்கள் ஏராளம், குறிப்பாகப் பெண்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் நடிக்கிறாள் என்ற பட்டம் கிடைத்துவிடும். ஒருவர் வலிக்கிறது என்றால் வலிக்கிறது, அவ்வளவுதான். எலும்பு முறிந்த வலியைக்கூட உணர வைப்பது மூளைதான். தோலிலும் தசையிலும் உள்ள நரம்பு முனைகள் அனுப்புவது 'இங்கே ஏதோ நடக்கிறது' என்ற தகவலை மட்டுமே. அந்தத் தகவல், பழைய அனுபவம், சுற்றியிருக்கும் நிலைமை, பயம், எதிர்பார்ப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, உடம்புக்கு ஆபத்து உண்டா என்று மூளை ஒரு முடிவுக்கு வருகிறது. ஆபத்து என்று முடிவானால் வலி வருகிறது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-ல் வலியின் வரையறையைத் திருத்தி எழுதியபோது, வலி என்றால் என்ன என்பதை மனிதர்கள் வாழ்க்கை அனுபவத்தின் வழியாகவே கற்கிறார்கள் என்பதையும் அதன் குறிப்புகளில் சேர்த்தது.

1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னச் செய்தி வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் 15 சென்டிமீட்டர் ஆணியின் மேல் குதித்துவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தது. அது இம்மி அசைந்தாலும் உயிர் போகிற வலி. மயக்க மருந்து கொடுத்து, ஆணியை உருவி, பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே புகுந்து போயிருந்தது. காலில் கீறல்கூட இல்லை. அந்த மனிதர் நடிக்கவில்லை. கண் பார்த்ததை மூளை நம்பியது, நம்பியதற்கு ஏற்ப வலித்தது.

அதற்காக வலியும் பயமும் வேண்டாதவை என்று நினைத்துவிடக்கூடாது. வலியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியது திருவண்ணாமலைக்குப் பக்கத்திலிருக்கும் வேலூர்தான். 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி விழும் என்றுதான் அன்று ஊரும் மருத்துவமும் நம்பிக்கொண்டிருந்தன. பிராண்ட் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் பிடிக்கிறார்கள், முள் தைத்த காலோடு நொண்டாமல் நடக்கிறார்கள், புண்ணின் மேலேயே அழுத்தி நிற்கிறார்கள். விரல்களைத் தின்றது உணர்விழப்பு. வலி இல்லாததால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. வலியை யாரும் விரும்பாத பரிசு என்று அவர் 1993-ல் புத்தகமே எழுதினார்.

ஆகவே வலியும், வலித்த காரியத்தைக் கண்டு பயப்படுவதும் உயிர் காக்கும் ஏற்பாடுகள். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். பூனை செய்வது புத்திசாலித்தனம்தான். ஆனால் அடுப்பு நாள் முழுவதும் எரிவதில்லை. சாயங்காலம் அது வெறும் மண். அந்தப் பக்கமே போகாத பூனைக்கு இது ஒருநாளும் தெரியவராது. பயத்தால் விலகுகிறோம், விலகியதால் பயம் பொய்யாகிப் போகும் வாய்ப்பும் நழுவுகிறது. நாள்பட்ட வலி பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளின் சாரம் இந்தப் பூனைதான்.

மணி அடித்தால் எச்சில் ஊறும் பாவ்லோவின் நாய்களைப் பள்ளியில் படித்திருப்போம். அதே ஆய்வுக்கூடத்தில் எரோஃபீவா என்ற பெண் ஆய்வாளர் செய்த சோதனை அவ்வளவு பிரபலமில்லை. நாயின் தோலில் மின்னதிர்ச்சி கொடுத்து, உடனே சாப்பாடு வைத்தார். தொடர்ந்து இப்படிச் செய்ததும், மின்னதிர்ச்சி பட்டால் நாய் துடிக்கவில்லை, திமிறவில்லை. சாப்பாடு வரும் பக்கம் திரும்பி எச்சில் ஊற நின்றது. மின்சாரம் பழைய மின்சாரம்தான், அது எதற்கு அறிகுறி என்பது நாய்க்கு மாறிவிட்டது. வலி தரும் ஒன்றை நல்லதற்கான அறிகுறியாகக் கற்க முடியும் என்றால், ஒரு பாவமும் செய்யாத அசைவை ஆபத்தின் அறிகுறியாகவும் கற்க முடியும்.

அதை பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் ஆன் மோல்டர்ஸ் குழுவினர் 2011-ல் சோதித்தார்கள். ஆரோக்கியமான ஆட்களிடம் ஒரு ஜாய்ஸ்டிக். ஒரு திசையில் தள்ளினால் பெரும்பாலும் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி வரும். இன்னொரு திசையில் தள்ளினால் வராது. சில சுற்றுகளிலேயே அந்த முதல் திசை பயத்துக்குரியதாகிவிட்டது. தள்ளத் தயங்கினார்கள், திடீர்ச் சத்தத்துக்குக் கண் சிமிட்டுவதுகூட அந்தத் திசையில் பலமாக இருந்தது. ஒரு ஜாய்ஸ்டிக்குக்கே இந்த நிலை என்றால், தண்ணீர்க்குடத்தைத் தூக்கக் குனிந்தபோது ஒருதரம் பளீரென்று பிடித்துக்கொண்ட இடுப்பு, குனிவதைப் பற்றி என்ன கற்றிருக்கும்?

ஆஸ்திரேலியாவில் 2015-ல் நடந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தமானது. கழுத்துவலிக்காரர்களுக்கு மெய்நிகர் கண்ணாடி மாட்டி, வலி தொடங்கும் வரை தலையைத் திருப்பச் சொன்னார்கள். கண்ணாடிக்குள் தெரியும் காட்சியில் கொஞ்சம் ஏமாற்று வேலை. உண்மையில் திரும்பியதைவிடக் குறைவாகத் திரும்பியதுபோல் காட்டினால், வலியில்லாமல் 6 சதவீதம் கூடுதலாகத் திருப்ப முடிந்தது. அதிகமாகத் திரும்பியதுபோல் காட்டினால் 7 சதவீதம் முன்னதாகவே வலி வந்துவிட்டது. கழுத்து அதே கழுத்து. எந்த இடத்தில் வலிக்கும் என்று கண் கணக்குப் போட்டுவைத்திருந்ததோ, ஏறக்குறைய அந்த இடத்தில் வலித்தது. (பயம் இப்படிக் கற்றுவருவது என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டையில்லை. வலியே அப்படி வெறும் தொடர்பால் பிறக்குமா, அல்லது இருக்கும் வலி கூடக்குறைய மட்டும் செய்யுமா என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை.)

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஆரணிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஐம்பது வயது. அரிசி மூட்டையை நகர்த்தும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இப்படிப் பிடித்துக்கொள்ளும் முதுகுகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தானாகவே தேறிவிடும். ஆனால் மூன்றாம் நாளே ஸ்கேன் எடுத்தாகிறது. ரிப்போர்ட்டில் 'டீஜெனரேஷன்', 'பல்ஜ்' என்று இருக்கிறது. "ஜவ்வு தேஞ்சு, டிஸ்க் வெளியே தள்ளியிருக்கு. குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க, தரையில உட்காராதீங்க." பெல்ட் வருகிறது, கட்டில் வருகிறது, வெஸ்டர்ன் டாய்லெட் கட்டப்படுகிறது. மருமகள் துடைப்பத்தை வாங்கிக்கொள்கிறாள். கோலம் போடுவதை பேத்தி எடுத்துக்கொள்கிறாள். மகன், "நீ உட்காரும்மா, எதையாவது இழுத்து வச்சுக்காதே" என்கிறான். எல்லாமே பாசம்தான்.

ஆறு மாதத்தில் முதுகுத் தசை இளைத்துப்போகிறது, இடுப்பு இறுகிப்போகிறது. கீழே விழுந்த சாவியை எடுக்கப் போனால்கூட, குனிவதற்கு முன்பே மூச்சைப் பிடித்து முதுகை விறைப்பாக்கிக்கொள்கிறார். விறைத்த முதுகு வளைந்தால் வலிக்கத்தான் செய்யும். "பாத்தியா, குனிஞ்சா வலிக்குது. டாக்டர் சொன்னது சரி." பயம் பரவுகிறது: குனிவதிலிருந்து பெருக்குவதற்கு, பெருக்குவதிலிருந்து பஸ் குலுக்கலுக்கு, கடைசியில் யாரோ மூட்டை தூக்குவதைப் பார்த்தாலே இடுப்பில் சுரீர் என்கிறது. 1983-லேயே பேசப்பட்ட இந்தச் சுழலை விளாயன், லின்டன் என்ற இரு உளவியலாளர்கள் 2000-ல் விரித்து எழுதினார்கள். வலி, அதைப் பேரழிவாக நினைத்தல், அசையப் பயம், விலகல், செயலிழப்பு, சோர்வு, மறுபடி வலி. சிகாகோவில் அப்கரியான் குழு 2013-ல் வெளியிட்ட மூளைப்படங்களில் இதன் இன்னொரு பக்கம் தெரிந்தது. முதுகுவலி புதிதாக இருக்கும்போது உணர்வுக்கான பகுதிகள் வேலை செய்தன. ஒரு வருடம் கடந்தும் வலி தீராதவர்களுக்கு அந்த வேலை மெல்ல மெல்ல உணர்ச்சிக்கான சுற்றுகளுக்கு இடம் பெயர்ந்திருந்தது.

அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்பதையும் பார்த்துவிடலாம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை வைத்து நடந்த 33 ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். வலியில்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். ஐம்பது வயதில் 80 சதவீதம். எண்பதில் 96. டிஸ்க் பிதுக்கம் ஐம்பது வயதில் 60 சதவீதம் பேருக்கு இருந்தது. இவர்கள் யாரும் முனகவில்லை, பெல்ட் போடவில்லை. அந்த அம்மாவின் டிஸ்க் மூட்டையை நகர்த்துவதற்கு முதல் நாளும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும். 'தேஞ்சு போச்சு' என்ற இரண்டு சொல்லைப்போல் இந்த நாட்டில் முதுகுகளை முடக்கியது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான்.

உடம்பு கற்ற தவறான பாடத்தை அழிக்க முடியுமா என்ற கேள்விக்கு வியப்பான பதில்களில் ஒன்றைச் சொன்னவர் ஒரு தமிழர். விளையனூர் எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியரானவர். கையை வெட்டி எடுத்த பிறகும் கை இருப்பதுபோலவே உணர்பவர்கள் உண்டு. அந்த இல்லாத கை சிலருக்கு இறுக மூடிய முஷ்டியாக, நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல வலிக்கும். திறக்க நினைத்தாலும் திறக்காது. இவர்களில் பலருக்கு வெட்டுவதற்கு முன்பே நரம்பு அறுந்து கை செயலற்றுக் கிடந்தது என்பதை ராமச்சந்திரன் கவனித்தார். 'அசை' என்று மூளை கட்டளை அனுப்பும். 'அசையவில்லை' என்று கண் திருப்பிச் சொல்லும். மாதக்கணக்கில் இதையே கேட்டுக்கேட்டு, இந்தக் கை அசையாது என்று மூளை பாடமாக்கிக்கொண்டது. கை போன பிறகும் பாடம் போகவில்லை. கற்ற முடக்கம் என்றார் அதை.

வைத்தியம் என்று அவர் செய்தது, ஒரு பெட்டிக்குள் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நிறுத்தியதுதான். நல்ல கையைக் கண்ணாடி முன் அசைத்தால், பிம்பத்தில் போன கையே அசைவதுபோல் தெரியும். மோட்டார் சைக்கிள் விபத்தில் கையிழந்த ஒருவருக்கு, பத்தாண்டாக உறைந்துகிடந்த இல்லாத கை முதல்முறையாக அசைந்தது. முஷ்டி விரிந்து வலி விட்டுப்போனவர்களும் உண்டு. எல்லாருக்கும் இது பலிக்கவில்லை என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் சில டாலர் கண்ணாடி ஒன்று, நரம்பு வெட்டும் அறுவைச் சிகிச்சைகள் தொடமுடியாத வலியைத் தொட்டது. கற்றதை மறுக்கும் ஒரு சாட்சியம் கண் எதிரே வந்தால் மூளை கணக்கை மாற்றத் தயார் என்பது அதிலிருந்து தெரிந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடி அண்ணாமலையிலிருந்து மேலே நடந்தால், வாயு லிங்கம், குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார் வருகிறார். குட்டிக் கோயில். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று வாசல்கள். பின்பக்கமாக நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, கையூன்றி, இடுப்பை நெளித்து ஊர்ந்து முன்பக்கமாக வெளியே வரவேண்டும். பருத்த உடம்புக்காரர்கள்கூட ஒரு சூட்சுமத்தில் வந்துவிடுவார்கள். இடைக்காட்டுச் சித்தர் அமைத்தது என்பது ஐதீகம். உள்ளே புகுந்து வந்தால் இடுப்பு வலி, முதுகு வலி, தலைவலி போகும் என்பது நம்பிக்கை. பௌர்ணமியன்று வரிசை நீளமாக நிற்கும்.

பகுத்தறிவு பேசுபவர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படிப் போக மனம் வரவில்லை. அங்கே நடப்பதில் ஒரு பங்கு எதிர்பார்ப்பு. அதற்கு உடம்பில் ரசாயனமே உண்டு. 1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத மருந்தைக் கொடுத்தபோது பலருக்கு வலி குறைந்தது. உடலின் சொந்த அபினியான எண்டார்பினைத் தடுக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும் அந்த நிவாரணம் மறைந்தது. நம்பிக்கை, உடம்பின் மருந்துப்பெட்டியைத் திறக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இது.

இன்னொரு பங்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது என் ஊகம்தான். ஐந்து வருடமாகக் குனியாத ஒருவர் அந்த இடுக்கில் குனிகிறார், முறுக்குகிறார், ஊர்கிறார். டாக்டர் தடுத்த அத்தனை அசைவையும் ஒரே நிமிடத்தில் செய்துமுடிக்கிறார். டாக்டர் பேச்சைத் தட்டுவதற்குப் பிள்ளையார் உத்தரவு கொடுத்திருக்கிறார். பின்னால் நிற்பவர்கள் "கையை முன்னாடி வைங்க, அப்படியே ஒருக்களிங்க" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வெளியே வந்து நின்று இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறார். ஒன்றும் ஒடியவில்லை. நெதர்லாந்தில் விளாயன் 2001 வாக்கில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் செய்து பார்த்த சிகிச்சையும் இதன் உறவுதான். எந்த அசைவைக் கண்டு அதிகம் பயமோ அதை நோக்கிப் படிப்படியாக அழைத்துப்போய், செய்யவைத்து, 'ஒடிந்துவிடும்' என்ற எதிர்பார்ப்பைப் பொய்யாக்குவது. அதில் ஊக்கப்பேச்சுக்குப் பெரிய வேலை இல்லை, எதிர்பார்ப்பு பொய்த்துப்போவதுதான் மருந்து.

அப்படியானால் ஊருக்குத் திரும்பியதும் ஏன் பலருக்கு வலியும் திரும்பிவிடுகிறது? பாவ்லோவிடமே பதில் இருக்கிறது. மணி அடித்தும் சாப்பாடு வராமல் பழக்கினால் நாய் எச்சில் ஊறுவதை நிறுத்தும். சிறிது இடைவெளி விட்டு மணி அடித்தால் மறுபடி ஊறும். பழைய பாடம் அழிவதில்லை. அதன் மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவே. அந்தப் புதிய பாடம் எங்கே கற்கப்பட்டதோ அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பிற்காலத்தில் மார்க் பௌட்டன் போன்றோர் விரிவாகக் காட்டினார்கள். பிள்ளையார் இடுக்கில் கிடைத்த தைரியம் ஆரணிச் சமையலறைக்குத் தானாக வந்து சேராது. அங்கேயும் ஒருமுறை, பலமுறை, குனிந்து பார்க்க வேண்டும்.

கடல் கடந்த தமிழர்களிடமும் ஒரு சாட்சியம் இருக்கிறது. மொரிஷியஸில் தைப்பூசத்தன்று அலகு குத்திக் காவடி எடுக்கும் தமிழர்களை மானுடவியலாளர் சிகலாட்டாஸ் குழுவினர் ஆராய்ந்து 2019-ல் எழுதினார்கள். உடலில் எண்ணற்ற ஊசிகள், வெறுங்காலோடு கொதிக்கும் ரோட்டில் மணிக்கணக்கான நடை. உடல்நிலையை அளந்து பார்த்ததில் நீடித்த கேடு எதுவும் தெரியவில்லை. நாள்பட்ட நோயுள்ளவர்கள்தான் அதிக வேல்களை ஏற்றுக்கொண்டார்கள், அதிக வலியை ஏற்றவர்களின் மனநலம் பிறகு கூடுதலாக மேம்பட்டிருந்தது. அலகு குத்திக்கொள்ளச் சொல்லி இதைத் தரவில்லை. தானே தேர்ந்துகொண்ட, அர்த்தம் தெரிந்த வலி பயத்தைக் கற்றுக்கொடுப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

திருவண்ணாமலையில் நின்று வலியைப் பற்றி எழுதினால் ரமண மகரிஷி நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். அவர் கதையை இங்கே இழுப்பது தவறு என்பது என் கருத்து. அவர் இடது கையில் வந்தது புற்று. பலமுறை அறுவை செய்தும் மறுபடி வளர்ந்து, 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் மறைந்தார். அது திசுவை அரிக்கும் நோயின் வலி, கற்றுக்கொண்ட வலி அல்ல. புற்று, முடக்குவாதம், அறுந்த நரம்பு இவற்றின் வலிக்கு மருந்தும் சிகிச்சையும்தான் முதல். அங்கே போய் பயத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது கொடுமை. அதேபோல, நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடும் பெண்ணின் இடுப்பு வலியை 'கற்ற பயம்' என்று சொல்லிக் கைகழுவுவதும் அயோக்கியத்தனம். அந்த இடுப்புக்குத் தேவை ஓய்வும் நல்ல கூலியும்.

சிகிச்சையாக இது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? அமெரிக்காவின் போல்டரில் 151 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. உன் முதுகு உடையவில்லை, மூளையின் எச்சரிக்கைதான் மிகையாகிவிட்டது என்று விளக்கி, பயந்த அசைவுகளைப் பயமில்லாமல் கவனிக்கப் பழக்கினார்கள். நான்கு வாரம். முடிவில் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி இல்லை, அல்லது இல்லை என்றே சொல்லலாம். பொய் ஊசி போட்டவர்களில் அது 20 சதவீதம், வழக்கமான வைத்தியத்தில் 10. மலைக்கவைக்கும் எண்கள்தான், ஆனால் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் நன்கு படித்தவர்கள், ஓரளவு நடமாட்டத்தில் இருந்தவர்கள். ஆஸ்திரேலியாவில் 492 பேரை வைத்து நடந்து 2023-ல் லான்செட்டில் வெளிவந்த ஆய்வை நான் கூடுதலாக நம்புகிறேன். சாதாரண பிசியோதெரபிஸ்டுகளே பயிற்சி பெற்று, நோயாளியோடு பேசி, அவர் பயப்படும் அசைவையே செய்யவைத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது.

நாமாகச் செய்துகொள்ளக்கூடியது உண்டா என்றால், உண்டு. முதலில் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, காலில் வலு குறைந்துகொண்டே வருவது, தொடை நடுவில் மரத்துப்போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒன்றும் இல்லை, பழைய வலிதான் என்று அவர் சொல்லிவிட்டால், நடக்கத் தொடங்கலாம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வில்பர்ட் ஃபோர்டைஸ் 1970-களிலேயே சொன்னது. வலிக்கும் வரை நடந்து, வலித்ததும் உட்கார்ந்தால், வலிதான் ஓய்வைப் பெற்றுத்தரும் என்று உடம்பு கற்கும். அதனால் அளவை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். இன்று தெருமுனை வரை என்றால் தெருமுனை வரை. வலி குறைவாக இருக்கிறது என்று கூட்டவும் கூடாது, லேசாக வலிக்கிறது என்று பாதியில் திரும்பவும் கூடாது. அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். கோலமும் துடைப்பமும் அப்படியே. ஐந்து புள்ளிக் கோலத்தில் தொடங்கட்டும்.

வீட்டில் இருப்பவர்கள் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டாம். துடைப்பத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். வலிக்கும்போது மட்டும் ஓடிவந்து உட்காரவைக்கும் பாசத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி, அவர்கள் எழுந்து நடக்கும்போது கூட நடங்கள்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேய்மானம் என்று சொல்வதோடு, அதே வயதில் வலியே இல்லாத எத்தனை பேருக்கு அதே தேய்மானம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அந்த விவரத்தை ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே அச்சடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள் அமெரிக்காவில், இரண்டரை லட்சம் நோயாளிகளுக்கு. 2020-ல் முடிவு வந்தது: அபினி வகை வலிமருந்துச் சீட்டுகள் சற்றே குறைந்ததைத் தவிர பெரிய மாற்றம் இல்லை. ஆகவே காகிதத்தை நம்பவேண்டாம். 'குனியாதீங்க' என்பதை நோயாளி உங்கள் வாயால்தான் கேட்டார். 'குனியலாம், ஒண்ணும் ஆகாது' என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.